அந்த அம்மா வைத்த தோட்டத்தை என்ன செய்வது?

கேள்வி: கோவை வடவள்ளிப் பக்கம் ஒரு பழைய தனி வீட்டை வாங்கி, தை மாதம் பால் காய்ச்சிக் குடிவந்தோம். எட்டு சென்ட் இடம். வீடு போக மற்றதெல்லாம் தோட்டம். விற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவி இறந்த பிறகு அவர் பெங்களூரில் மகனிடம் போய்விட்டார். ஒன்றரை வருடம் வீடு பூட்டிக் கிடந்தது. தோட்டம் முழுக்க அந்த அம்மா வைத்தது. மாமரம், மூன்று தென்னை, நெல்லி, கறிவேப்பிலை, ஒரு பூப்பந்தல், இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ செடிகள். பாதி காய்ந்து கிடக்கிறது. குடிவருவதற்கு முன் பழைய குழாய்களை மாற்றி, சமையலறைத் தண்ணீரையும் துவைக்கிற தண்ணீரையும் தெருச் சாக்கடையோடு இணைத்தோம். மாமரத்தையும் தென்னைகளையும் விட்டுவிட்டு மற்றதை எடுத்து, டைல்ஸ் பதித்து கார் நிறுத்தலாம் என்கிறார் கணவர். பாம்பு வரும் என்று மாமியார் பயப்படுகிறார். மூன்று வயதுப் பையன் இருக்கிறான். ‘அந்த அம்மா பெற்ற பிள்ளையாக வளர்த்த தோட்டம்’ என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். பெரியவர் வாரம் ஒருமுறை போன் செய்து, பந்தலுக்குத் தண்ணீர் விட்டீர்களா என்று கேட்கிறார். எனக்குச் செடிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. எதை வைப்பது, எதை எடுப்பது? எடுத்தால் பாவமா? படங்களையும், தோட்டத்திலும் வீட்டிலும் கண்டவற்றைப் பற்றிய குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன்.
வாசகி, கோவை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதுதான் உங்களை உறுத்திக்கொண்டிருக்கிறது என்று கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. எடுத்தால் பாவம் இல்லை. அந்த அம்மா தன் பூஜைக்கும் தன் சமையலுக்கும் தன் பொழுதுக்கும் ஏற்றபடி ஒரு தோட்டம் வைத்தார். உங்கள் குடும்பம் வேறு, வயது வேறு, வேலை வேறு. வீட்டை வாங்கியபோது அந்தத் தோட்டத்தை அப்படியே காக்கும் கடமையை நீங்கள் எழுதி வாங்கவில்லை. வேண்டாததை எடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டு அந்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பெயர் தெரியாத எதையும் வெட்டாதீர்கள். இது என்ன, இந்த இடத்தில் எதற்காக நிற்கிறது, எந்த மாதத்தில் என்ன தரும் என்று தெரிந்துகொண்ட பிறகு வெட்டுங்கள். அப்போது வெட்டினால் எனக்கு ஆட்சேபம் இல்லை, உங்களுக்கும் மன உறுத்தல் இருக்காது. இதைத் தெரிந்துகொள்ள இந்தப் பங்குனியிலிருந்து அடுத்த பங்குனி வரை ஒரு முழுச் சுற்று வேண்டும். காத்திருக்க முடியாத சில வேலைகளைக் கீழே தனியாகச் சொல்கிறேன். மற்ற எதற்கும் அவசரம் இல்லை.

நீங்கள் குடிவந்தது தை மாதம். கோவைக்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வதுதான் பெரிய மழை. அது முடிந்த பிறகு வந்திருக்கிறீர்கள். ஒன்றரை வருடம் ஆள் பார்க்காத இடத்தை, மண் வெடித்துக் கிடக்கும் மாதத்தில் பார்க்கிறீர்கள். இதைவிட மோசமாக ஒரு தோட்டம் தோன்றும் காலம் வருடத்தில் வேறு இல்லை. இந்த நிலையில் எது செத்தது, எது பிழைத்திருக்கிறது என்று கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய அனுபவசாலிகளாலும் முடியாது.

வாசலுக்கு வலப்புறம் தடித்த மொட்டைக் கொம்புகளாக நிற்பதை, ‘காய்ந்துவிட்டது, எடுக்க வேண்டும்’ என்று படத்தின் கீழே குறித்திருக்கிறீர்கள். அது ஈழத்தலரி. கோயில் பிராகாரங்களில் பார்த்திருப்பீர்கள், வெள்ளை இதழும் நடுவில் மஞ்சளுமாகப் பூக்கும் மரம். பனிக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு இப்படித்தான் நிற்கும். கோடையில் நுனியில் இலைக்கு முன்னாலேயே பூங்கொத்து எட்டிப்பார்ப்பதும் உண்டு. நெல்லியும் இந்தப் பருவத்தில் இலை கொட்டித் துளிர்க்கிற மரம்தான். அதைப் பார்த்தும் கவலைப்பட வேண்டாம்.

சந்தேகம் வரும் ஒவ்வொரு செடியிலும் கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகப் பொடிந்தால் அந்த இடம் போய்விட்டது. ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி சுரண்டுங்கள், அங்கும் இல்லையென்றால் இன்னும் கீழே. பச்சை எங்கே தொடங்குகிறதோ அதற்கு ஒரு விரல்கடை மேலே, கணுவை ஒட்டி வெட்டிவிட்டால் ஆடி மழைக்குத் துளிர்க்கும். உங்கள் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் நுனியில் காய்ந்து அடியில் பச்சையாக இருக்கும் என்றுதான் படத்தைப் பார்த்தால் தோன்றுகிறது. ஈழத்தலரியைச் சுரண்டினால் வெள்ளைப் பால் கசியும். அது கண்ணில் படக் கூடாது, கையைக் கழுவிவிடுங்கள்.

வெறும் மண்ணாகத் தெரியும் இடங்களைத்தான் கொத்திச் சமப்படுத்தத் தோன்றும். அங்கேதான் அதிக நிதானம் வேண்டும். சேனை, மஞ்சள், சம்பங்கி, மழைக்கு மறுநாள் திடீரென்று பூத்து நிற்கும் மழை லில்லி எல்லாம் இப்போது கிழங்காக மண்ணுக்குள் உறங்கும். செங்காந்தளும் அப்படித்தான். கோடையில் இருந்த சுவடே தெரியாது, மழை விழுந்ததும் முளைத்து வேலியில் ஏறிவிடும். நம் மாநில மலர் என்றாலும் அதன் கிழங்கு உட்பட எல்லாப் பாகமும் கடும் நஞ்சு. அது தலைகாட்டினால் பையன் கைக்கு எட்டாமல் வேலி கட்டுங்கள், முடியாவிட்டால் கையுறை போட்டுக் கிழங்கோடு எடுத்துவிடுங்கள்.

இனி, காத்திருக்கக் கூடாத வேலைகள்.

முதலாவது, கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் மஞ்சள் அரளி. குறுகிய நீண்ட இலைகளும் மணி வடிவ மஞ்சள் பூக்களுமாக நான்காவது படத்தில் இருப்பது. அதன் காய் பச்சையாக உருண்டு முக்கோண வாட்டத்தில் இருக்கும், காய்ந்ததும் கறுத்துக் கீழே விழும். உள்ளே இருக்கும் பருப்பு இதயத்தைத் தாக்கும் விஷம். மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில், அதுவும் குழந்தை விளையாடும் வழியில், அது நிற்கக் கூடாது. இதற்கு ஒரு வருடம் வேண்டாம், ஒரு வாரமும் வேண்டாம். ஆள் வைத்து வேரோடு எடுங்கள். மண்ணில் கிடக்கும் பழைய காய்களை நீங்களே குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குங்கள். இந்த வேலையை வேலையாளிடம் விட்டால் பாதி அங்கேயே கிடக்கும். எதையும் எரிக்காதீர்கள், அந்தப் புகையும் நல்லதல்ல. பின்பக்கம் நிற்கும் சிவப்பு அரளியும் விஷம்தான். பையன் வளரும் வரை அதையும் எடுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. எப்போதாவது இவற்றில் எதையாவது வாயில் போட்டுவிட்டான் என்ற சந்தேகம் வந்தாலே போதும், கைவைத்தியம் எதுவும் பார்க்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அந்தச் செடியின் ஒரு கிளையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இரண்டாவது வேலை, மூன்றாவதாக நிற்கும் தென்னை. அதன் நடுக்குருத்து சாய்ந்து வாடியிருக்கிறது. அடிமரத்தில் ஓட்டை தெரிகிறதா, அதிலிருந்து பழுப்பு நிறச் சாறு வழிந்து உறைந்திருக்கிறதா, மென்று துப்பிய நார் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். மரத்தில் காதை வைத்துக் கேளுங்கள். சிவப்புக் கூன்வண்டின் புழு உள்ளே இருந்தால் நறநறவென்று மெல்லும் சத்தம் கேட்கும். மரம் ஏறுபவரை வரவழைத்துக் குருத்தை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையோடு வந்துவிட்டால் அந்த மரத்தை மீட்க முடியாது. வீட்டின் மேல் விழுவதற்குள் கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்கிவிட வேண்டும். விட்டுவைத்தால் அங்கிருந்து வண்டு மற்ற இரண்டுக்கும் போகும். மின்கம்பி பக்கத்தில் போவதால், வெட்டுவதற்கு முன் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மரம் வெட்ட அனுமதி வேண்டுமா என்பதையும் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடிச் சுவரிலும் சன்ஷேடிலும் முளைத்திருக்கும் அரசங்கன்றுகளை உடனே பிடுங்குங்கள். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன், கையுறை போட்டு, மண்ணில் ஈரம் இருக்கும் காலையில் பிடுங்க வேண்டும். பரணில் இருந்த லேபிள் இல்லாத பூச்சிமருந்து பாட்டில்களைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம். பூட்டி வைத்துவிட்டு, வேளாண்மைத் துறை அலுவலகத்தில் கேட்டு அப்புறப்படுத்துங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

அதே பரணில் சாம்பல் கலந்த விதை டப்பாக்கள் இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவற்றைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் பத்து விதையை எடுத்து ஈரத்துணியில் முடிந்து, துணி காயாமல் ஒரு வாரம் வைத்திருங்கள். பாதிக்கு மேல் முளை விட்டால் அந்த விதை தேறும். ஆடிப்பட்டத்தில் ஊன்றலாம். அவரையோ சுரையோ புடலையோ, ஒரு வீட்டுக்காரம்மா வருடா வருடம் நல்ல காயாகப் பார்த்து விதைக்கு விட்டு எடுத்து வைத்த சரக்கு அது. கடையில் அதைத் தேடினால் கிடைக்காது.

உங்கள் மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது செடியால் வருகிற ஆபத்து அல்ல. பூ வாசனைக்குப் பாம்பு வராது. மனோரஞ்சிதம், தாழம்பூ, பவழமல்லி என்று எல்லாவற்றின் மீதும் இந்தப் பழி இருக்கிறது. பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும், பகலில் சுருண்டு கிடக்க ஓர் இடுக்குக்கும். உங்கள் படங்களில் அதற்கு வசதியான இடங்களை எண்ணிப் பார்த்தேன். கிணற்றடியில் அடுக்கிய பழைய ஓடுகள், மதிலோரம் குவிந்த தென்னை மட்டைகள், துவைக்கும் கல்லுக்குக் கீழே எலி வளை. இந்த மூன்றையும் ஒழித்தால் பயத்தில் பெரும்பகுதி போய்விடும். எட்டு சென்ட் முழுவதையும் மழித்துவிட்டு ஓட்டுக் குவியலை அப்படியே வைத்திருந்தால் பயன் இல்லை. சுத்தம் செய்பவர்கள் பூட்ஸ் போட்டு, நல்ல வெளிச்சத்தில், கையை விடுவதற்கு முன் கோலால் கிளறி வேலை செய்யட்டும். வீட்டுச் சுவரைச் சுற்றி மூன்றடிக்குச் செடி எதுவும் சாயாமல் வெட்டவெளியாக வைத்திருங்கள். இரவில் தோட்டத்துக்குப் போனால் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் போகக் கூடாது. பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாமல் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். கடி பட்டால் நேராக அரசு மருத்துவமனைதான்.

இப்போது தண்ணீர். உங்கள் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாக ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. குழாய்களை மாற்றி, பாத்திரம் கழுவும் தண்ணீரையும் துணி துவைக்கும் தண்ணீரையும் தெருச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டீர்கள். சமையலறைக்குப் பின்னால் எடுத்த படத்தை மறுபடி பாருங்கள். துவைக்கும் கல்லிலிருந்து ஒரு வாய்க்கால் தடம் கிளம்புகிறது. இருபுறமும் செங்கல் பதித்திருக்கிறது. அது முதலில் ஒரு கல்வாழைக் குத்துக்குப் போகிறது, அங்கிருந்து வாழைக்கட்டைகளுக்கு, அங்கிருந்து வளைந்து இரண்டாவது தென்னையின் பாத்திக்கு. கல்வாழையின் வேரில் வடிந்து தெளிந்த தண்ணீர் வாழைக்கும், அதில் மிஞ்சியது தென்னைக்கும் போயிருக்கிறது. தோட்டத்தில் வாழை எங்கே நிற்கிறதோ அங்கேதான் வீட்டுத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அந்த அம்மா தினமும் குடம் குடமாகச் சுமந்து இத்தனையையும் வளர்த்திருக்க முடியாது. வீடு புழங்கியது, தோட்டம் குடித்தது. வீடு பூட்டியபோது முதலில் காய்ந்தது அந்த வரிசைதான். குழாயை மாற்றியதால் வீடு திறந்த பிறகும் அதற்குத் தண்ணீர் வரவில்லை.

துணி அலசும் தண்ணீரை மறுபடி அந்த வாய்க்காலில் விட ஒரு பிளம்பருக்கு அரை நாள் வேலைகூட இருக்காது. சோப்பு மிகுந்த முதல் தண்ணீர் சாக்கடைக்குப் போகட்டும், அலசும் தண்ணீர் செடிக்கு வரட்டும். சமையலறைத் தண்ணீரில் எண்ணெய்ப் பசை இருக்கும். கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய ஒரு குழியின் வழியாக விட்டு, பிறகு கல்வாழைக்குப் பாய்ச்சுங்கள். பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கும் கொத்தமல்லிக்கும் மட்டும் இந்தத் தண்ணீர் வேண்டாம்.

சிறுவாணித் தண்ணீரைத் தோட்டத்துக்கு ஊற்ற உங்களுக்கு மனம் வராது என்பது தெரியும். ஊற்றவும் கூடாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை விடுவதற்கு முன் சோதித்துவிடுங்கள். தொட்டிச் செடிகளின் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருப்பதையும் இலை ஓரங்கள் கருகியிருப்பதையும் பார்த்தால் உப்பு கூடுதல் என்று சந்தேகிக்கிறேன். வேளாண்மைப் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு பாட்டில் தண்ணீரும் அரைக் கிலோ மண்ணும் கொண்டுபோனால் சிறு கட்டணத்தில் சோதித்துத் தருவார்கள். மண்ணை ஓரிடத்தில் மட்டும் எடுக்காமல் நாலைந்து இடத்தில் அரையடி ஆழத்தில் எடுத்துக் கலந்து கொண்டுபோங்கள். வீட்டில் மழைநீர்க் குழி இருக்கிறதா என்றும் தேடுங்கள். 2003-ல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது இந்த வீட்டிலும் போட்டிருப்பார்கள். ஒன்றரை வருடச் சருகு அதில் அடைத்துக் கிடக்கும். ஆடிக்குள் தூர்வாரிவிடுங்கள்.

மாமரத்தைப் பற்றி நீங்கள் மகிழ்ச்சியோடு எழுதியதற்கு நான் ஒரு கசப்பான பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘ஒரு கிளையில் மட்டும் தடித்த இலையும் ஆரஞ்சுச் சிவப்பில் நீளமான பூவும் வருகிறது, தேன்சிட்டு வந்து உட்காருகிறது, மிகவும் அழகு’ என்று எழுதியிருந்தீர்கள். அது மாவின் பூ அல்ல, புல்லுருவி. அதன் பழத்தைத் தின்னும் சிறு பறவை, பிசுபிசுப்பான விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். விதை அங்கேயே முளைத்துப் பட்டையைத் துளைத்து, மரம் ஏற்றும் தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும். அது ஒட்டியிருக்கும் இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கிளை முண்டு விட்டுப் பருத்திருக்கும். அந்த முண்டுக்கு அப்பால் மாங்கிளை மெலிந்து, இலை சிறுத்து, நுனி காய்ந்திருக்கும். புல்லுருவியை மட்டும் ஒடித்துப்போட்டால் முண்டிலிருந்து மறுபடி தழைக்கும். முண்டுக்கு ஓர் அடிக்குக் கீழே, அதாவது அடிமரத்தின் பக்கமாக, மாங்கிளையையே அறுத்து எடுப்பதுதான் வழி. இந்தக் காய்ப்பு முடிந்ததும், ஆனியில் செய்யுங்கள். அதுவரை பழம் விழாமல் இருக்கப் புல்லுருவியின் கொப்புகளை மட்டும் கழித்துவையுங்கள். வெட்டிய வாயில், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவ வேண்டும்.

ஊரில் மரம் வெட்ட வருகிறவர்கள், ‘மேலே மொட்டை அடித்துவிட்டால் பக்கக்கிளை நன்றாக வரும்’ என்பார்கள். மாமரத்தில் அதற்குச் சம்மதிக்காதீர்கள். இத்தனை வருடம் நிழலில் இருந்த பட்டையில் நேராக வெயில் விழுந்தால் வெந்து வெடிக்கும், வெடிப்பில் தண்டுத் துளைப்பான் புகும். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்ளே வெளிச்சத்தை மறைக்கும் கிளை இவற்றை மட்டும் ஆனி, ஆடிக்குள் கழித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐப்பசிக்குப் பிறகு கத்தியும் கூடாது, தண்ணீரும் கூடாது. மார்கழியில் பூவெடுப்பதற்கு மா அந்த வறட்சியைக் கேட்கிற மரம். நன்றாக வளர்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் கார்த்திகையில் தண்ணீர் ஊற்றினால் இலைதான் வரும்.

மற்ற இரண்டு தென்னைகளின் ஓலையில் கரி பூசியது போன்ற கறுப்பு படிந்திருக்கிறது. ஓர் ஓலையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாகக் கோலம் தெரியும். சுருள் வெள்ளை ஈயின் முட்டைகள். 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டு மாநிலம் முழுக்கப் பரவிய பூச்சி இது. ரசாயன மருந்து அடிக்கச் சொல்வார்கள். அடிக்காதீர்கள். இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற சிறு குளவி தானாகவே தோப்புகளில் பெருகுகிறது, மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். எட்டும் உயரமாக இருந்தால் ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். கறுப்புப் படலம் போக, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் வீதம் மைதா கஞ்சி காய்ச்சித் தெளித்தால் காய்ந்து உரிந்து விழும். மரத்துக்குப் பலம் வந்தாலே பாதி சரியாகும். வருடத்துக்கு ஒரு மரத்துக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து ஆனி-ஆடியிலும் மார்கழி-தையிலும், அடியிலிருந்து ஆறடி தூரம் வரை வெட்டிய வட்டப் பாத்தியில் இட்டுத் தண்ணீர் விட வேண்டும்.

கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் நிற்கும் மெல்லிய மரத்தைப் பார்த்து ஆசாரி சந்தனம் என்றாராம். எதிரெதிராக அமைந்த இலைகளைப் படத்தில் பார்த்தால் அவர் சொல்வது சரியாக இருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. மணமில்லாத, கருஞ்சிவப்பான சின்னப் பூவும் கறுப்பான உருண்டைப் பழமும் வந்தால் உறுதி. பறவைகள் போட்டுப் போகும் விதையில் கோவைப் பக்கத் தோட்டங்களில் இப்படி முளைப்பது உண்டு. இதில் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் சொந்த இடத்தில் நின்றாலும், வனத்துறை அனுமதி இல்லாமல் அதை வெட்டவோ கொண்டுபோகவோ கூடாது. அடுத்தது, சந்தனம் தனித்து வாழாத மரம். பக்கத்துச் செடிகளின் வேரோடு தன் வேரைப் பிணைத்துச் சத்து எடுத்துக்கொள்ளும். ‘பயனில்லாத புதர்’ என்று அதைச் சுற்றி இருப்பவற்றையும் கறிவேப்பிலையையும் கழித்துவிட்டால் சந்தனமும் வாடும். பெயர் தெரியாமல் வெட்டாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தோட்டத்தில் எது எதைத் தாங்கி நிற்கிறது என்பது மேலே பார்த்தால் தெரிவதில்லை.

பந்தலுக்கும் பெரியவருக்கும் வருகிறேன். வாரம் ஒருமுறை அவர் கேட்பது உங்களைக் கண்காணிக்க அல்ல என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும், ஆனாலும் அது உங்களுக்குப் பாரமாக இருக்கிறது. அதை இறக்கிவைக்க ஒரு வழி இருக்கிறது. இந்த வாரம் அவர் கூப்பிடுவதற்கு முன் நீங்கள் கூப்பிடுங்கள். அவர் கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல், நீங்கள் கேளுங்கள். வீடியோ அழைப்பில் தோட்டத்தைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு செடியாக என்ன பெயர், எங்கிருந்து வந்தது, எப்போது பூக்கும் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். கழிவுநீர்த் தொட்டி எங்கே, தண்ணீர்க் குழாய் மண்ணுக்குள் எந்தப் பக்கமாகப் போகிறது, மாமரம் ஒட்டா விதைக்கன்றா என்பவையும் அவருக்குத்தான் தெரியும். ஓய்வுபெற்ற ஆசிரியர், சொல்லிக்கொடுக்கச் சலிக்க மாட்டார். அவருக்குத் தெரியாததை, அந்த அம்மாவோடு பூ பறித்த பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்.

அந்தப் பந்தல் முல்லையா ஜாதிமல்லியா என்று அவரிடம் கேட்கும் முன் நீங்களே இலையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒரு காம்பில் ஏழு, ஒன்பது என்று சிற்றிலைகள் வரிசையாக இருந்தால் ஜாதிமல்லி. ஓர் இலை பெரிதாகவும் அதன் அடியில் ஒட்டினாற்போல் இரண்டு துளி இலைகளும் இருந்தால் முல்லை. பூக்காததற்குக் காரணம் தண்ணீர் மட்டுமல்ல, பழைய கொடியை வெட்டிக் கழிக்கும் கவாத்து இல்லாமல் பழைய கொடிமேல் பழைய கொடியாகச் சிக்கிக் கிடப்பதும்தான். முல்லை என்றால் தை மாதத்தில் கவாத்து செய்திருக்க வேண்டும். இந்த வருடம் காலம் கடந்துவிட்டது. இப்போது காய்ந்த கொடிகளை மட்டும் எடுத்து, தூரில் தொழுவுரம் போட்டு, தண்ணீர் விட்டு வாருங்கள். வரும் தையில் முழங்கால் உயரத்துக்குத் துணிந்து வெட்டலாம். செத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், புதுக்கொடியில்தான் அது பூக்கும்.

ஆனி, ஆடி மழையில் பந்தலின் ஓரக் கொடி ஒன்றை வளைத்து, ஒரு கணுவின் அடிப்பட்டையைச் சிறிது சீவி, மண் நிரப்பிய தொட்டிக்குள் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். மூன்று நான்கு மாதத்தில் வேர் பிடித்துவிடும். தாய்க்கொடியிலிருந்து வெட்டிப் பிரித்து அந்தத் தொட்டியைப் பெங்களூருக்கு அனுப்பிவிடுங்கள். அதன் பிறகு, நாளை நீங்கள் பந்தலை எடுத்தாலும் அவரிடம் நேராகச் சொல்லும் தெம்பு உங்களுக்கு இருக்கும். எடுத்த எதையும் அவரிடம் மறைக்காதீர்கள். மஞ்சள் அரளியைக் குழந்தைக்காக எடுத்தேன் என்றால் அவர் புரிந்துகொள்வார்.

உங்கள் கணவரின் கார் நியாயமான தேவை. ஆனால் டைல்ஸ் வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் குடையோடு ஒருமுறை வெளியே போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே ஓடுகிறது என்று அவரே பார்க்கட்டும். அதைப் பார்க்காமல் சிமென்ட் போட்டால் தண்ணீர் வீட்டுக்குள் திரும்பக்கூடும். மஞ்சள் அரளி போன பிறகு கேட்டிலிருந்து உள்ளே இரண்டு சக்கரத் தடம் அகலத்துக்குக் கல் பதித்தாலே ஒரு கார் நிற்கும். நடுவில் மண்ணாகவோ ஜல்லியாகவோ விடலாம். மாமரத்தின் கிளை விரியும் அளவுக்கு அடியில் எதையும் பதிக்காதீர்கள். அடிமரத்தைச் சுற்றி மண் கொட்டி மேடை கட்டவும் வேண்டாம். உறிஞ்சும் வேர்கள் அங்கே மேலாக ஓடுகின்றன, மூடினால் மூச்சுமுட்டும். இரண்டு மூன்று வருடத்தில் நுனியிலிருந்து காயத் தொடங்கும்போது ஏன் என்று யாருக்கும் புரியாது.

அடுத்த பங்குனியில் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கணவரும் மாமியாரும் நீங்களுமாக ஒருமுறை சுற்றி வாருங்கள். பயன் தெரிந்தும் உங்களுக்குப் பிடிக்காதவை இருக்கும். பராமரிக்க நேரமில்லாதவை இருக்கும். எடுத்துவிடுங்கள். குரோட்டன்ஸ் வரிசை வேண்டாம் என்றால் வேண்டாம். அந்த இடத்தில் உங்களுக்கு ஆசையான ஒன்றை வையுங்கள். பையனுக்குக் கொய்யா பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள், அந்த இடத்து வெயில் கொய்யாவுக்குப் போதும்.

மண், தண்ணீர்ச் சோதனை முடிவுகளை வைகாசிக்குள் எனக்கு அனுப்புங்கள். உப்பின் அளவைப் பார்த்து, எந்தச் செடிக்கு ஆழ்துளைத் தண்ணீர் ஆகும், எதற்கு ஆகாது என்று எழுதுகிறேன். சந்தனம் என்று நினைக்கும் அந்த மரம் பூத்தால், பூவைக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.